முதுமையில் நடையும் மனத்துணிவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

'முதியோரும் உடற்பயிற்சியும்' என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதும் நமக்குச் சற்றே தயக்கம் ஏற்பட்டது. நடப்பது நல்லது என்பதை அறியாதவர் இக்கூடத்தில் ஒருவரும் இலர். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார்கள். இரத்த அழுத்தத்துக்கு நடக்கச் சொன்னார்கள். மூட்டுவலிக்கும் நடக்கத்தான் சொன்னார்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே கடைசி வரியாக அது இருந்துகொண்டே இருக்கிறது. மாத்திரைகளை வாங்கிவிடுகிறோம். கடைசி வரியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். ஆகவே, நடையின் நன்மைகளை ஒன்று, இரண்டு எனப் பட்டியலிட்டு உங்கள் பொழுதை வீணாக்க விரும்பவில்லை. நன்மை தெரிந்தும் பலருக்குக் கால் ஏன் எழவில்லை, சிலருக்கு மட்டும் எண்பது வயதிலும் எப்படி எழுகிறது என்பதைப் பற்றியே பேச எண்ணுகிறோம். அது பெரும்பாலும் மனத்தைப் பற்றிய பேச்சாகவே அமையும்.

நம் பள்ளிவாசலின் பின்வரிசையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே சுவரோரமாக இரண்டு நாற்காலிகள் கிடந்தன. இன்று ஒரு ஸஃப்பே நாற்காலிகளாக இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து தொழுவதன் சட்டங்கள் ஆலிம்கள் பேச வேண்டியவை; அதில் நாம் தலையிடவில்லை. நாம் பேசுவது முழங்காலைப் பற்றி மட்டுமே. அந்த வரிசையில் இருப்பவர்களில் சிலர், தேய்ந்த மூட்டோடும் அறுவை செய்த இடுப்போடும் வேறு வழியின்றி அமர்ந்திருப்பவர்கள். வேறு சிலரோ, என்றோ ஒரு காய்ச்சலுக்குப் பின், "இந்த ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று சொல்லி அமர்ந்தவர்கள். காய்ச்சல் போய்விட்டது, நாற்காலி நின்றுவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் எவ்வாறு ஐந்து ஆண்டுகளாக நீண்டது என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலறிஞர், 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்கான விடையின் பெரும்பகுதியைத் தந்துள்ளார். பாம்பைக் கண்டால் நடுநடுங்குவோரை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். "அஞ்சாதீர்கள்" என்று அறிவுரை கூறியபோது கிடைத்த பயனைவிட, துணைக்கு ஒருவர் நிற்க, எட்ட நின்று பார்ப்பது, அருகே செல்வது, தொடுவது எனப் படிப்படியாகச் செய்ய வைத்தபோது கிடைத்த பயன் மிகப் பெரிதாக இருந்தது. இதிலிருந்து அவர் வகுத்த கருத்து இது: ஒரு செயலை மனிதன் தொடங்குவதும் இடர் வந்தபோதும் விடாது தொடர்வதும், 'இது என்னால் இயலும்' என்று அவன் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கையைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன. இது பொதுவான தைரியம் அன்று. கடை நடத்துவதில் புலியாக விளங்கும் ஒருவர், மாடிப்படியின் முன் பூனையாக நிற்கக்கூடும். ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி நம்பிக்கை உண்டு. முதியோரின் உடலியக்கத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டதும், இந்த நம்பிக்கை உள்ளவர்களே இயக்கத்தைக் கைவிடாமல் இருக்கிறார்கள் என்பதுதான்.

அந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுக்கண்களைப் பண்டூரா காட்டினார். முதலாவதும் வலிமை மிக்கதும், தானே செய்து வெற்றி கண்ட அனுபவம். இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது. இங்கே 'தன்னைப் போன்ற' என்னும் சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். இருபது வயது இளைஞன் ஓடுவதைப் பார்த்து எழுபது வயதுக்காரருக்கு ஊக்கம் பிறக்காது, பெருமூச்சுதான் பிறக்கும். தம்மோடு ஓதிய, தம்மைப் போலவே சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள தோழர் குளக்கரை வரை நடந்து வந்தார் என்று அறியும்போதுதான், "அவரால் முடிந்ததா?" என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். மூன்றாவது, நம்பத்தக்க ஒருவர் கூறும் ஊக்கமொழி. நான்காவதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை: உடல் தரும் குறிப்புகளை நாம் எவ்வாறு பொருள் கொள்கிறோம் என்பதே அது. நீண்ட நாள் உட்கார்ந்திருந்தவர் சற்றே விரைந்து நடந்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், மறுநாள் தொடை வலிக்கும். பழக்கமற்ற தசையும் இதயமும் வேலை செய்வதன் அடையாளமாகவும் இவை இருக்கலாம். ஆனால், முதியவரின் மனம் அதனை ஆபத்தின் அறிவிப்பாகவே கேட்கிறது. அன்றோடு நடை நின்றுவிடுகிறது. எது இயல்பு, எது ஆபத்து என்று முன்கூட்டியே ஒருவர் விளக்கிச் சொல்லியிருந்தால் அது நின்றிருக்காது. நடக்கும்போது பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான இயக்கம். மார்பில் அழுத்தமோ வலியோ, தலைசுற்றலோ, கண் இருட்டுவதோ ஏற்பட்டால் அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்கள் தெரியாமல் வீட்டுக்குள் அடைந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

இனி, எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். இதைப் பொதுமேடையில் சொல்வதா என்று வீட்டில் ஆலோசித்தோம். பலருடைய இல்லத்தில் இன்றும் நடந்துகொண்டிருப்பதால் சொல்லலாம் என்றே முடிவு செய்தோம்.

எங்கள் வாப்பா அவர்கள் எழுபத்து நான்கு வயது வரை பஜ்ருக்கு முதல் ஆளாகப் பள்ளிக்குச் செல்பவர்கள். திரும்பும்போது மீன் கடைக்குச் சென்று, விலை பேசி, பையோடு வீடு வருவார்கள். ஒருநாள் இரவு, குளியலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். எலும்பு முறியவில்லை. இடுப்பில் இரத்தக்கட்டு மட்டுமே. இரண்டு வாரங்களில் அது ஆறியது. ஆனால், எங்கள் அச்சம் ஆறவில்லை. மகன்கள், மகள்கள், மருமக்கள் எல்லோருமாகக் கூடி முடிவெடுத்தோம். இருட்டில் பள்ளிக்குச் செல்ல வேண்டாம்; மீன் வாங்கப் பையன் இருக்கிறான்; மாடிக்கு ஏறவே கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும், "வாப்பா, நீங்க உட்காருங்க, நாங்க எடுத்துத் தர்றோம்" என்று நான்கு குரல்கள் ஒலித்தன. அவர்களும் முதலில் மறுத்தார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள், அதன்பின் அவர்களே கேட்கத் தொடங்கினார்கள். ஆறு மாதங்கள் சென்றபோது, நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஒரு கை தேவைப்பட்டது. கண்ணிலும் ஏதோ ஒன்று அணைந்தாற்போல் இருந்தது. அவர்களை உட்கார வைத்தது அந்த வீழ்ச்சியன்று, நாங்கள்தாம். அன்பினால்தான் செய்தோம். எனினும் செய்தது நாங்களே.

பின்னாளில் படித்தபோதுதான், இதற்கென ஓர் ஆராய்ச்சித் துறையே இருப்பதை அறிந்தோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் மேரி டினெட்டி, விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தை அளப்பதற்கென 1990ஆம் ஆண்டில் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். குளிப்பது, படுக்கையிலிருந்து எழுவது, நாற்காலியில் அமர்ந்து எழுவது, வீட்டுக்குள் நடமாடுவது போன்ற அன்றாடச் செயல்களை, விழாமல் செய்ய இயலும் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்று அது கேட்கிறது. பண்டூராவின் கருத்தை அடிப்படையாகக் கொண்டே அது அமைக்கப்பட்டது. அந்த அச்சம் ஒரு செக்கு மாட்டுச் சுற்று. அஞ்சுகிறவர் நடமாட்டத்தைக் குறைக்கிறார். நடமாட்டம் குறைந்தால் கால் தசை மெலிகிறது, உடலின் சமநிலை கெடுகிறது. அதனால் விழும் வாய்ப்பு கூடுகிறது. விழுந்தால் அச்சம் பெருகுகிறது. ஒருமுறைகூட விழாதவர்களிடமும் இந்த அச்சம் உண்டு. வீழ்ச்சியைத் தடுக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு, கண் பரிசோதனை, தலைசுற்றல் தரும் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது ஆகியவை உடனே செய்யத்தக்கவை. நாங்கள் இவற்றில் எதையும் செய்யாமல், மனிதரை மட்டும் நாற்காலியில் வைத்துப் பாதுகாத்தோம்.

வாப்பா எப்படி மீண்டார்கள் என்று கேட்பீர்கள். அதற்கும் எங்கள் புத்திசாலித்தனம் காரணமன்று. மூன்றாவது தெருவில் இருக்கும் மதரஸாவுக்கு ஐந்து வயதுப் பேரனை அழைத்துச் செல்லும் பையன் ஊருக்குப் போய்விட்டான். பிள்ளை அடம்பிடித்து வாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தது. முதல் நாள் தெருமுனை வரைதான். அங்கிருந்து வேறொருவர் அழைத்துச் சென்றார். ஒரு வாரத்தில் இரண்டாம் தெரு. நடுவே ஒரு கடைத்திண்ணையில் அமர்ந்து இளைப்பாறுவார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் மதரஸா வாசல் வரை சென்று, பிள்ளைக்கு முன்னதாகவே அங்கே நின்றார்கள். "நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்று மருத்துவர் சொன்னபோது எழாத கால்கள், "பிள்ளை காத்திருக்கும்" என்று எண்ணியபோது எழுந்தன. எல்லாம் முன்போல் ஆகிவிட்டது என்று சொல்வது உண்மையாகாது. தரையில் அமர்ந்து எழும் வலிமை அவர்களுக்குத் திரும்பவேயில்லை. இறுதிவரை நாற்காலியில்தான் தொழுதார்கள். ஆனால், அந்த நாற்காலிக்குத் தம் கால்களால் நடந்து வந்தார்கள். எண்பத்து மூன்றாம் வயதில் இறையழைப்பை ஏற்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு வரை வந்தார்கள்.

"வயதாகிவிட்டது, இனி என்ன?" என்னும் பேச்சை இப்போது எடுத்துக்கொள்வோம். இது பணிவைப் போலத் தோன்றும். உண்மையில், தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய, உடல் நலிந்த பத்துப் பேருக்கு, எட்டு வாரங்கள் கால் தசைக்கான எடைப் பயிற்சி அளித்தார்கள். 1990ஆம் ஆண்டில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இது. ஒன்பது பேர் முழுமையாக முடித்தார்கள். அவர்களின் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. எழுபது வயதினர் அல்லர், தொண்ணூறு வயதினர்! பயிற்சியை நிறுத்தியபின் அந்த வலிமை விரைந்து குறையத் தொடங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதுமையைப் பற்றிய எண்ணமே ஆயுளோடு தொடர்புடையது என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஒஹையோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரிடம், தம் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி அப்பதிவுகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டார். நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எண்ணம்தான் ஆயுளைத் தந்தது என்று இதனால் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. என்றாலும், "கிழவனாகிவிட்டேன்" என்று நாள்தோறும் சொல்லிக்கொள்பவர் நடக்கக் கிளம்புவாரா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். "இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று தெருவில் கேலி பேசும் இளைஞர்களும் இதில் பங்காளிகள்.

உரை கேட்பது வேறு, நடப்பது வேறு என்பதற்கும் சான்று உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். அமெரிக்காவில் எட்டு இடங்களில், எழுபது முதல் எண்பத்தொன்பது வயதுக்குட்பட்ட, பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்த 1,635 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு நடையும், கால் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளும். மற்றொரு பிரிவினருக்கு உடல்நலம் பற்றிய உரைகள், அதாவது இப்போது நாம் ஆற்றிக்கொண்டிருப்பதைப் போன்றவை! சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். பிறர் உதவியின்றி நானூறு மீட்டர் நடக்கும் ஆற்றலை இழந்தவர்கள், உரை கேட்டவர்களில் 35.5 விழுக்காடு, பயிற்சி செய்தவர்களில் 30.1 விழுக்காடு. முடிவு 2014இல் வெளியாயிற்று. வேறுபாடு மலையளவு அன்று. ஆனால், நானூறு மீட்டர் என்பது பலருக்கு வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு உள்ள தூரம் என்று எண்ணிப் பார்த்தால், நூற்றுக்கு ஐந்து பேர் என்பது சிறிய கணக்காகத் தோன்றாது.

நம் முன்னோர் எவரும் உடற்பயிற்சி செய்யவில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் கிணற்றில் நீர் இறைத்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், சந்தைக்கு நடந்தார்கள். ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவரும் குழுவினரும் இலண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நாள் முழுவதும் அமர்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. இதில் மனம் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. அந்த நடத்துநர்கள் படியேற வேண்டுமென்று காலையில் உறுதி பூணவில்லை. வேலை அவர்களை ஏற்றியது. மன உறுதியைக் கொண்டு மட்டும் நடப்பவர் ஒரு மாதம் நடப்பார். ஒரு கடமையோ ஓர் ஆசையோ அழைக்க நடப்பவர் ஆண்டுக்கணக்கில் நடப்பார். ஆகவே, வீட்டிலுள்ள பெரியவரிடம் இருந்து வேலைகளைப் பிடுங்காதீர்கள். செடிக்குத் தண்ணீர், கடைக்குப் போய்வருவது, பேரப்பிள்ளையை அழைத்து வருவது, நோயுற்றவரைப் பார்த்து வருவது ஆகியவற்றில் எதையேனும் அவர்களுக்கென விட்டுவையுங்கள். அவர்கள் மெதுவாகத்தான் செய்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களின் நிலை இதைவிடக் கடினமானது. ஆண்களுக்குப் பள்ளிவாசல் என்னும் ஓர் இலக்காவது இருக்கிறது. நம் வீடுகளில் மருமகள் வந்ததும், "மாமி, நீங்க உட்காருங்க" என்பது மரியாதையின் அடையாளமாகிவிடுகிறது. அம்மியும் உரலும் முன்பே போயின. அடுப்படியும் கைமாறியபின் நடமாட்டம் கட்டிலுக்கும் கூடத்துக்கும் இடையில் சுருங்கிவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைவதும் பெண்களுக்கே மிகுதி. தெருவில் நடப்பதற்குக் கூச்சம், யார் என்ன சொல்வார்களோ என்னும் எண்ணம். இதற்கு விடை உபதேசமன்று, இடம். மாடித் தளத்தில் மாலை நேரத்தில் அண்டை வீட்டார் நான்கு பேர் சேர்ந்து நடந்தால் கூச்சம் பறந்துவிடும். ஜமாஅத் மண்டபம் திருமணம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாட்கள் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென அதைத் திறந்துவிட இயலாதா என்று நிர்வாகக் குழுவினரைப் பணிவோடு கேட்கிறோம்.

துணை என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் 1928ஆம் ஆண்டு முதல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகி வருகிறது. காலை ஆறரை மணிக்குப் பூங்காக்களில் முதியோர் கூடி, அந்த இசைக்கேற்பக் கைகால்களை அசைக்கிறார்கள். பத்து நிமிடங்கள்தாம். ஒரே நேரம், ஒரே இடம், தெரிந்த முகங்கள். வராதவரைப் பற்றி அங்கே ஒருவர் கேட்பார். "நேற்று உங்களைக் காணோமே?" என்னும் கேள்விக்கு இருக்கும் ஆற்றல் எந்த மருந்துச் சீட்டுக்கும் இல்லை. ஐந்து வேளை ஒன்றுகூடும் நமக்கு இது புதிதாகக் கற்க வேண்டிய பாடமும் அன்று.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள், அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாப்பாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டுச் செல்கிறார்கள். "நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்" என்பது கட்டளை. அவர் மூச்சுத் திணற நடந்தும் மூவாயிரமே வருகிறது. நான்காம் நாள் கடிகாரம் மேசையறைக்குள் போய்விடுகிறது. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயர் அது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். ஐ-மின் லீ என்னும் ஆய்வாளரும் குழுவினரும், சராசரியாக எழுபத்திரண்டு வயதுடைய 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அளவில் அந்தக் குறைவு நின்றுவிட்டது. எட்ட முடியாத இலக்கு ஒவ்வொரு மாலையும் 'நீ தோற்றாய்' என்று சொல்கிறது. முன்னர்ச் சொன்ன முதல் ஊற்றை அது அடைத்துவிடுகிறது. இன்று ஆயிரம் நடப்பவருக்கு ஆயிரத்து இருநூறே நல்ல இலக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தையும், வாரத்தில் மூன்று நாட்களேனும் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சிகளையும் பரிந்துரைக்கிறது. அந்த அளவை எட்ட முடியாதவர், தம் உடல்நிலை இடம் தரும் அளவுக்கு இயங்கட்டும்; கொஞ்சம் செய்வது ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட மேல் என்பதையும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது.

பழக்கமாக்குவது எப்படி? 'நாளை முதல் நடப்பேன்' என்று பொதுவாக எண்ணுவதைவிட, எப்போது, எங்கே, எதற்குப் பின் என்று குறித்து வைத்துக்கொள்பவர்களே மிகுதியாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலறிஞர் நிறுவினார். 'அஸர் தொழுது முடித்து, செருப்பை அணிந்ததும், வலப்புறம் திரும்பிக் குளக்கரை வழியாக வீட்டுக்குச் செல்வேன்.' இவ்வளவே போதும். வேறு சமுதாயத்தார் நினைவூட்டலுக்குக் கடிகாரத்தைத் தேடுவார்கள்; நமக்கு ஐந்து முளைகள் முன்பே அடித்து வைக்கப்பட்டுள்ளன, கயிற்றைக் கட்டினால் போதும். எத்தனை நாளில் பழக்கமாகும்? நாற்பது நாள் என்று ஊரில் சொல்வார்கள். இலண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. சராசரி அறுபத்தாறு நாள் என்றது அது. சிலருக்குப் பதினெட்டே நாள், சிலருக்கு இருநூற்றைம்பதுக்கும் மேல் ஆகும் என்ற கணிப்பும் அதில் உண்டு. ஒருநாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்றும் அது கண்டது. மழை வரும், காய்ச்சல் வரும், ரமளானில் நேரம் மாறும். விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மனைவியை இழந்த ஆண்கள், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்கள் எழாமல் இருப்பதைச் சோம்பல் என்று பேசாதீர்கள். உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோய், மருத்துவம் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங்கைப் பலரும் அறிவீர்கள். தொண்ணூறுகளில் மனைவியையும் பின்னர் மகனையும் இழந்தவர், இங்கிலாந்தில் ஓடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் எண்பத்தொன்பதாம் வயதில் இலண்டனில் முதல் மாரத்தானை ஓடினார். 2011இல் டொரொண்டோவில், நூறாவது வயதில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதனை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் தம் ஊருக்கருகே சாலையில் வாகனம் மோதி இறந்தார். நம் பெரியவர்களை மாரத்தான் ஓடச் சொல்லி இதைக் கூறவில்லை. துயரத்தில் அமிழ்ந்திருந்த ஒரு கிழவரை எவரோ துணைக்கு அழைத்துச் சென்றார்கள் என்பதைத்தான் அதில் காண்கிறோம்.

நிறைவாக நிர்வாகக் குழுவினருக்குச் சில வேண்டுகோள்கள். பெரியவர்கள் வெளியே வராததற்கு அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: சிறுநீர் அவசரம். வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சத்தில் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பள்ளிவாசல் கழிப்பறையில் ஒன்றேனும் மேற்கத்திய முறையில், கைப்பிடியோடு அமைய வேண்டும். தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளிலும் திறந்திருக்க வேண்டும். ஒளு செய்யும் இடத்தில் வழுக்காத தரைவிரிப்பும் உட்காரும் மேடையும் வேண்டும். பள்ளிக்கும் குளக்கரைக்கும் நடுவே, வேப்பமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு போட்டுத் தாருங்கள். பாதி வழியில் உட்கார இடம் உண்டு என்று தெரிந்தால்தான் சிலர் புறப்படவே துணிவார்கள்.

வரும் சனிக்கிழமை முதல், அஸர் தொழுகைக்குப் பின், கிழக்கு வாயிலில் கூடுவோம். விரும்புவோர் மோதினாரிடம் பெயர் கொடுக்கலாம். அண்மையில் நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் தம் மருத்துவரிடம் கேட்டபின் வாருங்கள். வழுக்காத செருப்பு அணிந்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சட்டைப்பையில் ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வேப்பமரம் வரை சென்று திரும்புவோம்.